அறிவிக்காத பிராப்பர்ட்டிகளும் ஆய்வகப் பாடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையதள நிரல்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில், அறிவிக்காத பிராப்பர்ட்டிகள் குறித்து வந்துள்ள ஒரு மாற்றத்தைச் சென்னையின் கல்லூரி ஆய்வகங்களும் கணினிப் பயிற்சி மையங்களும் தாமதமின்றிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். மேல்நிலை இரண்டாம் ஆண்டின் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே பிஎச்பி இருப்பதால், பள்ளி ஆசிரியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

ஒரு கிளாஸில் (ஆப்ஜெக்டுகளுக்கான வரைவில்) எங்கும் அறிவிக்கப்படாத பிராப்பர்ட்டியை (தகவலை வைக்கும் பெயரிட்ட இடத்தை), அந்த வரைவின்படி உருவாகும் ஆப்ஜெக்டில் போகிற போக்கில் சேர்த்துக்கொள்ள பிஎச்பி நெடுங்காலமாக அனுமதித்து வந்தது. சிறிய இணையதளங்களை விரைவாக எழுதி முடிக்க இந்த வசதி உதவியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பள்ளிக் கட்டணம் கணக்கிடும் நிரலில் ‘பேலன்ஸ்’ என்ற பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுப் போனால், பிஎச்பி அங்கே நிற்காமல் அந்தத் தவறான பெயரிலேயே புதிய பிராப்பர்ட்டியை உருவாக்கித் தொகையை அதில் எழுதிவிடும். உண்மையான பேலன்ஸ் பழைய தொகையிலேயே இருக்கும். பணம் கட்டிய பெற்றோர் ரசீதோடு வந்து கேட்கும்வரை தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. இல்லாத பிராப்பர்ட்டியைப் படிக்க முயன்றால் எச்சரிக்கும் மொழி, இல்லாததில் எழுதும்போது மட்டும் வாய் திறக்காமல் இருந்ததுதான் இதில் பெரிய ஆபத்து.

2022 டிசம்பர் 8 அன்று வெளியான 8.2 பதிப்பு இந்தப் பழக்கத்தை இனிக் கைவிட வேண்டியது என அறிவித்து, இவ்வாறு எழுதும் இடங்களில் எச்சரிக்கை தருகிறது. பதிப்பு 9இல் இதைப் பிழையாகவே மாற்றுவது என்பதும் அப்போதே எடுக்கப்பட்ட முடிவு. கோட்இக்னைட்டர் 3 போன்ற பழைய பிரேம்வொர்க்குகள் (இணையதளம் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகங்கள்) லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) இதே வழியில் கன்ட்ரோலரோடு (பயனரின் கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸோடு) இணைப்பதால், சர்வரில் பதிப்பை உயர்த்தியதும் எச்சரிக்கைகள் குவிகின்றன. அவற்றைத் திரையிலிருந்து மறைத்துவிட்டால் போதும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வழக்கம்தான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. மறைக்கப்படும் அந்த வரிகளுக்குள்தான் மேற்சொன்ன எழுத்துப் பிழையும் இருக்கக்கூடும்.

ஆப்ஜெக்டை நிரல் ஓடும்போதே வடிவமைக்கும் தேவை உண்மையிலேயே உண்டு. ஜேசன் எனும் எழுத்து வடிவத் தரவைப் பிரித்தால் கிடைக்கும் ‘எஸ்டிடி கிளாஸ்’ (பிஎச்பியிலேயே உள்ள வெற்றுக் கிளாஸ்) ஆப்ஜெக்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. சொந்தக் கிளாஸுக்கு அனுமதி வேண்டுமானால் ‘அலோ டைனமிக் பிராப்பர்ட்டீஸ்’ என்ற குறிப்பை அதன் மேல் எழுதலாம். ஹாஷ் குறியில் தொடங்கும் அந்த வரியைப் பிஎச்பி 7 வெறும் கமெண்டாகவே (இயக்காமல் விடும் குறிப்பாகவே) எடுத்துக்கொள்ளும் என்பதால், பழைய சர்வரிலும் அதே நிரல் ஓடும். மற்ற எல்லா இடங்களிலும் பிராப்பர்ட்டிகளை முன்கூட்டியே அறிவிப்பதே முறை. 2019இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து அவற்றின் டைப்பையும் (எண், எழுத்து போன்ற தரவு வகையையும்) சேர்த்தே அறிவிக்க முடிகிறது.

ஆகவே, வரும் கல்வியாண்டின் ஆய்வகக் கையேடுகளில் உள்ள மாதிரி நிரல்களை 8.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஓட்டிப் பார்த்துத் திருத்துமாறும், மாணவர்கள் பயன்படுத்தும் கணினிகளில் எச்சரிக்கைகள் அனைத்தும் திரையில் தெரியும்படி அமைக்குமாறும் துறைத் தலைவர்களையும் பயிற்சி மையப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைய நிரலாக்கப் பயிற்றுநர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.