எல்லாவற்றையும் 12 மணிக்கே போடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்வர் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்களா? கணக்குப் பிரிவோடு நிம்மதியாக இருந்திருக்கலாம் நீ. மகளுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் கழுத்துவலி விட்டபாடில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேக்கப், அறிக்கை, பழைய கோப்புகளை அழிப்பது என மூன்றையும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில், நள்ளிரவு 12 மணிக்கே போட்டிருக்கிறாய். மூன்றும் ஒரே நேரத்தில் டிஸ்க்கைப் பிடித்து இழுத்தால் எல்லாமே தவழும். அறிக்கையை 3:40க்குத் தள்ளு. ஆனால் அழிப்பை நேரம் பார்த்துத் தள்ளாதே. பேக்கப் ஒருநாள் இழுத்தடித்தால் அது முடியும் முன்பே அழிப்பு தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில் கோத்து, பேக்கப் சரியாக முடிந்தால் மட்டும் அழிக்கச் சொல்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்கிறாயே, அது பெரும்பாலும் பாத் (path) சிக்கல்தான், அதாவது கட்டளையை எங்கே தேடுவது என்று கிரானுக்குத் தெரிவதில்லை. நீ லாகின் செய்யும்போது கிடைக்கும் அமைப்புகள் கிரானுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையை எழுதிவிடு.

இன்னொரு வேடிக்கை. '0 2 13 * 5' (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசை; 5 என்றால் வெள்ளி) என்று எழுதினால் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும்போது மட்டும் ஓடும் என்றுதானே நினைப்பாய்? இல்லை, எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும். 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரானிலும் இப்படித்தான். இதை யார் ரசித்தார்களோ தெரியவில்லை!

அப்புறம், கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாப்பைத் திருத்த ஆங்கில 'e' எழுத்து, மொத்தமாக அழிக்க 'r'. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். தவறி 'r' போட்டால் பொதுவாக ஒரு கேள்விகூடக் கேட்காமல் துடைத்துவிடும். ஒரு நகல் வைத்துக்கொள்.

எனக்கு உண்மையில் கவலை வேறு. பிழை வந்தால் மெயில் வரும், அதனால் மெயில் வராதவரை நலம் என்று எழுதியிருந்தாய். வேலை தொடங்கவே இல்லையென்றால் எந்த மெயிலும் வராதே! சர்வர் அணைந்து கிடந்தாலும் அதே அமைதிதான். அதனால் தலைகீழாகச் செய். ஸ்கிரிப்ட் நல்லபடியாக முடிந்ததும் வேறொரு கணினிக்கு 'முடிந்தது' என்று சொல்லட்டும். காலை 6 மணிக்குள் அந்தச் சொல் வராவிட்டால் அந்தக் கணினி உன்னை எழுப்பட்டும். வேலையையும் இந்தக் காவலையும் ஒரே சர்வரில் வைத்துவிடாதே.

உன் கிரான்டாப்பை அப்படியே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்