புதிய பிள்ளைகளை முதலில் அலைகரைக்குக் கூட்டிப்போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் நீரேந்து பகுதிகளைப் பாதுகாக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று புதிதாகச் சில உத்தியோகத்தர்களைச் சேர்த்து, போன கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது. நல்ல விசயம், அதுவும் அவர்களில் வன்னிப் பிள்ளைகளும் இருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோசம். ஆனால் பெயர், படிப்பு, பதவி, பிறகு தேநீர், வடை என்று கூட்டம் முடிந்துவிட்டது. யார் எந்தக் குளத்தைப் பார்க்கப் போகிறார், ஆற்றில் டிப்பர் மணல் ஏற்றுவதைக் கண்டால் யாருக்குச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. வவுனியாப் பக்கமிருந்து காட்டுக்குள்ளால் வடக்கே ஓடி வருகிற அந்த ஆற்றின் கரையை மருதமர வேர்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. மரத்தையும் வெட்டி, அடியில் மணலையும் அள்ளினால் கரை இடிந்து அந்த மண்ணெல்லாம் குளத்துக்குள் வந்து படியும், படிகிற அளவுக்குச் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, கிடைக்கும் தண்ணீர் குறையும். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்தபோது கீழ்ப்பக்கத்துச் சனம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மேலே காடு அழிந்தால் மழைத்தண்ணீர் இன்னும் வேகமாக வந்து சேரும்.

ஆகவே மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோக நெல் விதைப்புக்கு முன், தண்ணீர் வற்றி மண் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் இந்த நேரத்தில், வயதான கமக்காரர் இரண்டு பேரோடு இந்தப் பிள்ளைகளை, குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் கரையான அலைகரை நெடுகிலும் நடக்க விடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கங்களைக் கமநல சேவை நிலைய அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி.