தலையில் கட்டும் துண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மதங்களின் தோற்றம் பற்றிய கட்டுரை படித்தேன். இடி மின்னலுக்குப் பயந்துதான் மனிதன் சாமி கும்பிட ஆரம்பித்தான் என்கிறார் கட்டுரையாளர். சரி, இடி எல்லா ஊரிலும்தான் இடிக்கிறது. கும்பிடும் முறை மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

அய்யாவழி மக்களின் தலைமைக் கோயில் இருக்கும் சாமிதோப்புக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஈரிழைத் துண்டு வாங்கும் வெளியூர்க்காரர்கள், "மற்ற கோயில்களில் துண்டை இடுப்பில் கட்டுவோம், இங்கே தலையில் கட்டச் சொல்கிறீர்களே?" என்று கேட்பார்கள். இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் பனையேறிகள் தலைப்பாகை கட்டக் கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, ஏறும் ஏணிக்கும் வரி. 1809-இல் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைக்க, மேல்சாதியினர் பொறுக்காமல் முத்துக்குட்டி என்று மாற்ற வைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைதான் அய்யாவழி வழிபாட்டைத் தொடங்கிய ஐயா வைகுண்டர். முடி என்ற பேச்சே கூடாது என்றார்கள். அவர் வந்தவர்கள் எல்லோரையும் தலைப்பாகை கட்டிக்கொண்டே கும்பிடச் சொன்னார். கிணற்றில் தீட்டுப் பார்த்த காலத்தில் எல்லாச் சாதிக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு என்ற கிணறு இங்கே வந்தது. கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவன் இங்கே உள்ளே போய்ப் பார்ப்பது தன் முகத்தை. திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936-இல்தான்.

வரிக்கொடுமை இருந்தால் போதும், புது வழிபாடு பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே வரி, அதே அடி. ஆனால் மயிலாடிப் பக்கம் பலர் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்கள். 1833-இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம், துணிக்கடைக்காரன் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நம்பிக்கை எந்த வடிவம் எடுத்தது என்பதில் திருவிதாங்கூர் போட்ட தடைகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. இடி மின்னலை வைத்து இதை விளக்க முடியுமா?

ஒரு வேண்டுகோள். ஐயாவின் அவதார தினமான மாசி 20 ஊர்வலப் படத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். கீழே 'தலைப்பாகை அணிந்த பக்தர்கள்' என்று மட்டும் போடாமல், ஏன் அணிகிறார்கள் என்றும் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. என் கடைக்கு வருகிறவர்களுக்கும் பாதி விளக்கம் மிச்சமாகும்.

- ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்