சனிக்கிழமை மேசை

மயிலாடுதுறை
புரட்டாசி, வியாழன் இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத மூன்று நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், தீபாவளி கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். நம் தமிழ் ஐயா இருந்திருந்தால் இந்தக் கையெழுத்துக்கு இன்னொரு முறை காதைத் திருகியிருப்பார்.

உன் முழங்கால் எப்படி? மாடி ஏறுகிறாயா, இல்லை மகன் கீழேயே கட்டிலைப் போட்டுவிட்டானா? ஓசூர்க் குளிர் மூட்டுவலிக்கு ஆகாது என்று நான் அப்போதே சொன்னேன். நீ எங்கே கேட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய கம்பெனி ஊராட்சிப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்த போட்டோவை அனுப்பிவிட்டு, "உங்க வக்கீல் ஆபீஸ்ல இந்த மாதிரி ஊருக்கு ஏதாவது செய்றதுண்டா, இல்ல கட்சிக்காரன்கிட்ட பீஸ் வாங்குறதோட சரியா?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் இதற்குப் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று தோன்றியது.

உன் கம்பெனி செய்வது சட்டம் சொல்லிச் செய்வது. 2013 கம்பெனிச் சட்டத்தில் 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். நாலு வக்கீல்கள் கூட்டாக நடத்தும் ஆபீஸ் கம்பெனி ஆகாது. அதனால் அந்தச் சட்டம் எங்களைத் தொடாது. எங்கள் ஆபீஸில் 5 கோடி பெறுமான வழக்குக் கட்டுகள் பரணில் கிடக்கலாம், லாபம் என்று கேட்டால் ஆபீஸின் மூத்த வக்கீல், எங்கள் பெரியவர், சிரிப்பார்.

எங்களைக் கட்டுவது வேறு. பார் கவுன்சில் விதிகளில் 46ஆவது விதி, பணம் கொடுக்க முடியாதவனுக்கும் வக்கீல் உதவி உண்டு, தன் வசதிக்கு உட்பட்டு அதைச் செய்வது வக்கீலின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது. அதே புத்தகத்தில் 36ஆவது விதி, வக்கீல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும் என்கிறது. ஆக, கொடு, ஆனால் கொடுப்பதைத் தம்பட்டம் அடிக்காதே. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன் கேள்.

சின்னவர், அதாவது பெரியவரின் மகன், ஆபீஸ் பொறுப்புக்கு வந்த புதிது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கலாம் என்றார். நல்ல யோசனை. 2000 நோட்டு அச்சாகி வந்தது. அட்டையைப் பார்த்தால் நடுவில் தராசுப் படம், கீழே ஆபீஸ் பெயர், பெரியவர் போட்டோ, போன் நம்பர். பெரியவர் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, ஆறாங்கிளாஸ் பையனுக்கு என்ன கேஸ் வரும்னு போன் நம்பர் போட்டிருக்க?" என்றார். அவ்வளவுதான்.

மூன்று ராத்திரி. நானும் இரண்டு ஜூனியர்களும் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து, மைதா பசை காய்ச்சி, ஒவ்வொரு அட்டைமேலும் வெள்ளைத்தாள் ஒட்டினோம். பெயர், வகுப்பு, பாடம் என்று மூன்று கோடு மட்டும். பசை வாசத்துக்கு எறும்பு வந்து, மறுநாள் காலையில் கட்டுக் கட்டாகத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, எங்கள் தெருப் பையன் ஒருவன் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "தாத்தா, உள்ள உங்க வக்கீல் ஒளிஞ்சிருக்காரு" என்று கொண்டுவந்து காட்டினான்! சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது கொடுக்கும் நோட்டுகள் கடையில் வாங்குவதுதான், அட்டையில் மயிலும் மானும் இருக்கும்.

நோட்டு, மோர்ப் பந்தல், ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகத்துக்குத் துலாக் கட்டத்தில் சாப்பாட்டுப் பொட்டலம், இதெல்லாம் நடக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஜவுளிக்கடைக்காரரும் செய்யலாம், நகைக்கடைக்காரரும் செய்யலாம். வக்கீல் ஆபீஸ் மட்டும் கொடுக்கக்கூடியது என்ன என்பது எங்களுக்கே கஜா புயல் வந்த பிறகுதான் விளங்கியது.

2018 நவம்பர் 16. அன்று இங்கே கடைமுகம், உனக்கு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நாலு நாள் கழித்துச் சின்ன லாரி ஒன்றில் பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, பிஸ்கட், தார்ப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் தென்னை தலை தரையில் கிடந்தது. ஒரு பள்ளிக்கூட வாசலில் பாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நகராமல் நின்றாள். "பாயி சரி தம்பி. வீட்டோட பட்டா பறந்து போச்சு, ரேஷன் கார்டும் போச்சு. அது உங்க லாரில இருக்கா?"

பெரியவர் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி திரும்பும்போது லாரியில் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை லாரி இல்லை, ஒரு வேன். நாலு ரீம் வெள்ளைத்தாள், கார்பன், ஸ்டாம்ப் பேடு (பாதிப் பேர் கைநாட்டு), ஒரு டைப்பிஸ்ட், மூன்று வக்கீல்கள், நான். அதே பள்ளி வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு மனு எழுதினோம். பட்டா நகல் கேட்டு ஒன்று, ரேஷன் கார்டுக்கு ஒன்று, பிள்ளை மார்க் ஷீட்டுக்கு ஒன்று. விழுந்த தென்னைக்கு வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ஆனால் குத்தகைக்குச் சாகுபடி செய்தவன் கையில் சீட்டே இல்லையே, மரம் தன்னுடையது என்று எதை வைத்துச் சொல்வான்? அதை எழுதுவதில்தான் வக்கீல்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மேசை அங்கேயிருந்து வந்ததுதான். ஆபீஸ் வாசல் திண்ணையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. காலை பத்திலிருந்து ஒன்று வரை. யார் வேண்டுமானாலும் தாளைக் கொண்டுவரலாம். அது சம்மனா, நோட்டீஸா, பேங்க் கடிதமா என்று படித்துச் சொல்வோம். பாதிப் பேருக்கு அது போதும். போஸ்ட்மேன் கொடுத்த நாளிலிருந்து பிரிக்கப் பயந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்த கடிதத்தை ஒருவர் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் அவர் மாடு வாங்கிய கடன் முழுதாக அடைபட்டுவிட்டது என்று பேங்க் எழுதியிருந்தது.

வழக்கு போடவேண்டிய நிலை என்றால், கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவிக்கென்று இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அதற்கான சட்டம் 1987இல் போட்டது, 1995 நவம்பர் 9இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் வருமானக் கணக்கே கேட்கக் கூடாது. பெண் என்றால் போதும். உன் மருமகள் ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் பெண்கள் இருந்தால் இதைச் சொல்லச் சொல், சட்ட உதவிக்கான 15100 என்ற போன் நம்பரையும் கொடுக்கச் சொல். ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு அம்மா வந்தாள். புருஷன் விட்டுப் போய் ஒன்பது வருஷம், ஜீவனாம்சம் கேட்க வேண்டும். கோர்ட் வாசலில் எவனோ "அப்ளிகேஷன் பாரத்துக்கு" என்று 3000 ரூபாய் வாங்கியிருக்கிறான். இதற்குக் காசே கிடையாது என்று சொன்னால் அவள் முகம் மலரவில்லை, சுருங்கியது. "காசு வாங்காத வக்கீல் கேஸை ஒழுங்கா நடத்துவாரா சார்?" என்றாள். என்ன பதில் சொல்வது? அடுத்த வாரம் வெற்றிலை பாக்கோடு 11 ரூபாய் வைத்துப் பெரியவரிடம் நீட்டினாள். வெற்றிலையை எடுத்துக்கொண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் நம்பினாள். வழக்கு முடிந்தும் இன்றுவரை முருங்கைக்காய் வருகிறது.

இதில் எல்லாம் வெள்ளை என்று நினைக்காதே. "இலவசம்னு உக்காந்து ஆள் புடிக்கிறாங்க" என்று கோர்ட்டில் பேசினார்கள். பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. பெஞ்சில் உட்காருகிறவன் நாளைக்கு நில வழக்கோடு வந்தால் யாரைத் தேடுவான்? அதற்குப் பெரியவர் ஒரு கட்டு போட்டார். சனிக்கிழமை மேசைக்கு வந்தவரின் பீஸ் வாங்கும் வழக்கு எதையும் எங்கள் ஆபீஸ் எடுக்காது, வேறு வக்கீலிடம் அனுப்பிவிட வேண்டும். ஜூனியர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒருவன் போன மாதம் நல்ல பாகப்பிரிவினை வழக்கு ஒன்று கைநழுவிப் போனதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது.

உன்னிடம் மட்டும் இன்னொன்று சொல்கிறேன். இந்த மேசைக்கு நான் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், கால் சரியில்லாத ஒருவர் முன்சீப் கோர்ட்டில் வரப்பு வழக்கு தோற்றுத் தீர்ப்பு நகலோடு சாயங்காலம் வந்தார். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். தேதியைப் பார்க்காமலே "நாளைக்கு வாங்க" என்றேன். அப்பீலுக்கு 30 நாள், அன்றுதான் கடைசி நாள். அவர் ஊர் தூரம், மறுநாள் வர முடியவில்லை. வந்தபோது ஆறு நாள் தாமதம். பெரியவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுவோம். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லணும். முதல் நாளுக்குக் காரணம் நீதான், நீயே எழுது" என்றார். என் பெயரில், என் கையால், என் கவனக்குறைவால் என்று பிரமாணப் பத்திரம் டைப் அடித்தேன். ஒரு பக்கத்துக்கு நாலு தாள் பாழானது. மனு ஏற்கப்பட்டது. அப்பீலில் அவர் தோற்றுத்தான் போனார், அது வேறு கதை. ஆனால் அவர் சொன்னதை ஒரு ஜட்ஜ் உட்கார்ந்து கேட்டார்.

அன்று கோர்ட்டிலிருந்து வரும்போது பெரியவர் சொன்னது: "நம்ம ஊர்லதான்யா முதல் தாமத மன்னிப்பு மனு அலவ் ஆச்சு. முடவன் முழுக்கு என்னங்கிற?" கடைமுகத்துக்கு வந்து சேர முடியாத முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் அதே பலன் என்று சாமி ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார் அல்லவா, அதைச் சொல்கிறார். சின்ன வயதில் நீயும் நானும் பொரி உருண்டைக்காகப் போனோம், இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டது. அவர் இன்னொருவரையும் அடிக்கடி சொல்வார், இந்த ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தை எடுத்துக் கஞ்சி ஊற்றிய மனுஷர். கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துக் கொடுத்ததும் அவரேதான். பெரியவருக்குக் கஞ்சியைவிட அந்த இரண்டாவது காரியத்தின்மேல்தான் மயக்கம் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது பெரியவருக்கு எண்பத்தி மூன்று. மேசைக்கு வருவது குறைந்துவிட்டது. சின்னவர்தான் உட்காருகிறார், நன்றாகவே கேட்கிறார். போட்டோ மட்டும் எடுக்க விடுவதில்லை, நோட்டு விவகாரம் அவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது.

நீ இந்த வருஷமாவது முடவன் முழுக்குக்கு வா. முழங்காலைச் சாக்காகச் சொல்லாதே, அந்த நாளே உன் மாதிரி ஆளுக்கு வைத்ததுதான். கண் ஆபரேஷனைக் கார்த்திகை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், உன்னை ஒரு கண்ணாலாவது சரியாகப் பார்க்க வேண்டும். டிக்கெட் போட்டதும் தெரியப்படுத்து, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். சனிக்கிழமைக் காலை வண்டியாக இருந்தால் மட்டும் நீயே ஆட்டோ பிடித்து நேராக ஆபீஸுக்கு வந்துவிடு. பெஞ்சில் இடம் இருக்கும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
கடைசிப் பெஞ்சுக்காரன்