ஒரு எண்ணுக்கு மட்டும் திறக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டுமானால் வாட்ஸ்அப், சிக்னல் போன்ற செயலிகளின் என்கிரிப்ஷனை, அதாவது பேசுபவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை, தளர்த்த வேண்டும் என்று அரசுகள் கேட்கின்றன. கேட்பதில் என்ன தப்பு என்கிறவர்களும் இருக்கிறார்கள். தொலைபேசி இணைப்பகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒட்டுக்கேட்பே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. முறையான உத்தரவு வந்தால் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஏற்பாடு செய்வார்கள். பக்கத்து எண்ணுக்கு அதனால் பாதிப்பில்லை.

செயலிகளில் அது முடியாது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி, பேசும் இருவரின் போன்களில்தான் இருக்கிறது, நடுவில் நிறுவனத்திடம் இல்லை. மூன்றாவது சாவி வேண்டுமென்றால் எல்லோருடைய பூட்டையும் மாற்றியாக வேண்டும்.

அந்தச் சாவி போலீஸிடமே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கிரேக்கத்தில் 2004-ல் ஒரு செல்போன் நிறுவனத்தின் இணைப்பகங்களுக்குள் புகுந்த யாரோ, சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்காக இருந்த வசதியை ரகசியமாக முடுக்கிவிட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட சுமார் நூறு பேரின் பேச்சு மாதக்கணக்கில் வெளியே போனது. அந்த வசதியை நிர்வகிக்கும் மென்பொருளை நிறுவனம் அப்போது வாங்கியே இருக்கவில்லை. அதாவது, குழாய் இருந்தது, யார் திறந்தார்கள் என்று பார்க்க வழியில்லை. புகுந்தவர்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் போய் எங்கோ பிசகி, எஸ்எம்எஸ்கள் போய்ச் சேராமல் நின்றன. அதைத் தோண்டப் போய்த்தான் விஷயமே வெளியில் வந்தது! இணைப்பகத்தில் இருந்தவனுக்கு இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

சரி, பழைய கதை என்று விடலாமா? 2024-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஹேக்கர்கள் புகுந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. போலீஸ் கேட்டுப் பெறும் ஒட்டுக்கேட்புத் தகவல்கள் வரை அவர்கள் கை நீண்டிருந்தது. அந்த டிசம்பரில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு உயர் அதிகாரிகளுக்குச் சொன்ன யோசனை: எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் உள்ள, அதாவது சாவி பேசுபவர்களிடம் மட்டுமே இருக்கிற, செயலியில் பேசுங்கள். அதிகாரிகளுக்கு அது பாதுகாப்பாம், நமக்கு மட்டும் ஆபத்தாம்.

விசாரணைக்கு வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. யார் யாருடன் எப்போது பேசினார் என்ற பதிவுகள் பல நிறுவனங்களிடம் இருக்கின்றன. நீதிமன்ற உத்தரவோடு சந்தேக நபரின் போனையே கைப்பற்றிச் சோதிக்கலாம். அந்தச் சோதனைக்கூடங்களுக்கு ஆளும் கருவியும் கொடுக்கட்டும். பூட்டில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் ஒருவர்