செல்வாவுக்கு, கொஞ்சம் குருவிக் கதை

செல்வா, எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சுதே, இப்ப புடிக்காம நடக்குறாங்களா? இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் நலம், மக பாலிடெக்னிக் சேந்துட்டா, சனிக்கிழமை ஆனா நான் தெம்பனிஸ் ஈக்கோ கிரீன் பூங்கா பக்கம் போயிடறேன்.

அங்க புல்ல வெட்டாம விட்டு வச்சிருக்காங்கடா, தினைக்குருவிங்க கூட்டமா வந்து கதிர்ல தொத்தும், தண்டு வளைஞ்சு தொங்கும், ஆனாலும் விடாம ஒவ்வொரு விதையா அலகுல உருட்டி உமிய தள்ளிட்டு உள்ள இருக்கறத மட்டும் முழுங்கும். கொண்டைக்குருவி செர்ரிப் பழம் தின்னா விதை முழுசா வெளிய வந்து எங்கயாச்சும் முளைக்கும், இதுங்க தின்னா அந்த விதை அதோட சரி. அப்ப புல்லுக்கு இதால வெறும் நஷ்டம்தானான்னு கேள்வி வந்துச்சு, உக்காந்து நிறைய படிச்சேன்.

பசிபிக் கடல்ல இருக்குற காலாபகோஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு புருஷன் பொண்டாட்டி வருஷக்கணக்கா அங்க ஃபிஞ்ச் குருவிங்கள புடிச்சு அலகை அளந்தாங்க. 1977ல மழை பொய்ச்சுப் போச்சு. சின்ன விதை எல்லாம் தின்னு தீந்ததும் மிஞ்சினது பெரிய கெட்டி விதைங்க, அதுல முக்கியமானது நம்ம நெருஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி ஒண்ணோட முள்ளுக்காய் (லீவுக்கு உங்க ஊருக்கு வந்தப்ப நம்ம காலுல ஏறுமே, அந்த ஜாதிதான்). அத உடைக்க முடிஞ்ச பெரிய அலகுக்காரங்கதான் அதிகம் பொழைச்சாங்க. எல்லாரும் அந்த அலகைப் பத்தியே பேசறாங்க, எனக்கென்னவோ செடி பக்கம்தான் மனசு போகுது. எந்தக் காய உடைக்கறது குருவிக்குப் பெரும்பாடோ அதுதானே அடுத்த மழைக்கு மண்ணுல மிச்சம் இருக்கும், அப்ப எது முளைக்கணும்னு முடிவு பண்றதுல குருவிக்கும் பங்கு இருக்குடா.

இங்க ரோட்டோரத்துல அந்த வேலைய மெஷின் பாக்குது. கதிர் எழும்பறதுக்கு முன்னாடியே வெட்டிடறதால தரையோட படர்ற மாட்டுப்புல்லுதான் நிக்குது, உயரமா வளர்றதுக்கு வழியே இல்ல, குருவிக்கும் இரை இல்ல. எல்லா எடத்துலயும் வேணாம், கால்வாய் ஓரம் நாலஞ்சு துண்டாவது விதை விடுற வரைக்கும் விட்டு வைக்கலாம்னு எனக்கு ரொம்ப ஆசை, பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

நீயும் வரப்போரப் புல்ல மொத்தமா மருந்தடிச்சுடாத. கம்புக்கு எந்தெந்தக் குருவி வருதுன்னு பாத்து போட்டோ அனுப்பு, கதிர்ல தின்னுதா கீழ விழுந்தத பொறுக்குதான்னும் கவனி. டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாச்சு, அம்மாவுக்கு என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்டுச் சொல்லு.

உன் ரவி