வெளிநாட்டுப் படிப்பு: விசா சலுகையை நம்பி நாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் கட்டுரைகளை நானும் என் மகளும் விடாமல் படிக்கிறோம். தரவரிசை, உதவித்தொகை, வளாகப் படங்கள் எல்லாம் வருகின்றன. அவற்றோடு, “படிப்பு முடிந்ததும் அங்கேயே இத்தனை ஆண்டு வேலை பார்க்கலாம்” என்ற வரியும் தவறாமல் வருகிறது. நாட்டைத் தேர்ந்தெடுக்க அதையே முதல் காரணமாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை எத்தனை தடவை மாறியிருக்கிறது என்பதையும் கூடவே போட்டால் நன்றாக இருக்கும்.

நான் துவாசில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதையும் எக்செலில் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மகள் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கிறாள், கடைசி ஆண்டு. அடுத்து கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பட்டப்படிப்பு சிங்கப்பூரில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஆகவே போவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. எந்த நாடு என்பதுதான் கேள்வி.

சொந்தக்காரர்களிடம் கேட்டால் அவரவர் தாங்கள் இருக்கும் ஊரையே சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் நாத்தனாருக்கு அங்குள்ள வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை விட்டால் வேறு கல்லூரி கிடையாது. 1903இல் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்வார். ஜோகூர் சித்தப்பா செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தைச் சொல்கிறார். மெல்பர்னில் இருக்கும் என் தம்பி மனைவி, “இங்க அனுப்புங்க அண்ணி, நான் பார்த்துக்கிறேன்” என்கிறாள். யாரையும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சாப்பிட ஒரு வீடு இருப்பது பெரிய விஷயம்தான்.

அப்புறம் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனோம். அங்கே இருந்த முகவர் தம்பி மிகவும் மரியாதையாகப் பேசினார். கையேட்டின் பின்பக்கத்தில் ஓராண்டுக் கட்டணத்தை எழுதி, சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். விசாவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் சின்னத் தொகை அக்கா” என்றார். ஆஸ்திரேலிய மாணவர் விசாவின் விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூன் வரை 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. அந்த ஜூலையில் 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000. பிள்ளையின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் இருப்பதையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி தனி. பிரிட்டன் என்றால் சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஆண்டுதோறும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முழுப் படிப்புக் காலத்துக்கும் சேர்த்து விசா விண்ணப்பத்தோடு கட்டிவிட வேண்டும். ஐந்தாண்டுப் படிப்புக்கு அதுவே ஏறத்தாழ 4,000 பவுண்டு.

முகவரை நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலான முகவர்களுக்குத் தரகுப் பணம் பல்கலைக்கழகத்திடமிருந்துதான் வருகிறது; நம்மிடம் அவர்கள் காசு கேட்பதில்லை. தரகு கொடுக்காத இடத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து எப்படி வரும்? ஜெர்மனியைப் பற்றி நாங்கள்தான் பேச்செடுத்தோம். அங்கே பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுவைக்க வேண்டும். அது செலவு இல்லை, மாதா மாதம் பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் என் கணக்கில் அதை வேறு பத்தியில் போட்டேன். எல்லாம் சரி, கால்நடை மருத்துவத்தை அங்கே ஜெர்மன் மொழியில்தான் படிக்க வேண்டும். மகள் அந்த வரியைத் தானே அழித்துவிட்டாள்.

இப்போது விசா சலுகைக்கு வருகிறேன். பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012இல் எடுத்துவிட்டது. 2021 ஜூலையில் இரண்டு ஆண்டு என்று திரும்பக் கொடுத்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். இதில் கவனிக்க வேண்டியது, விண்ணப்பிக்கும் தேதியை வைத்தே கணக்கிடுகிறார்கள். படிப்பில் சேர்ந்த தேதியை வைத்து அல்ல. இரண்டு ஆண்டு என்று நம்பி 2024இல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளையும் இதில் அடிபடுகிறது. கனடா 2024 தொடக்கத்தில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. காட்ட வேண்டிய பணத்தையும் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635ஆக ஏற்றியது. கால்நடை மருத்துவமோ குறைந்தது ஐந்து ஆண்டு. அதற்குள் ஒரு தேர்தலாவது வந்துவிடும், மாணவர் எண்ணிக்கை அதில் பேசுபொருளாகும். இன்றைய விசா விதியை நம்பி பிள்ளையை ஏற்றிவிடுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான்.

இதோடு, எந்த வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பது என்று சிங்கப்பூர் வைத்திருக்கும் பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவையும் மாறுகின்றன. சட்டப் படிப்புக்கு ஏற்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2016ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து 19இலிருந்து 11ஆகக் குறைந்தன. மருத்துவத்துக்கு 2020 ஜனவரியில் 160 கல்லூரிகள் 103 ஆகின. ஆனால் இரண்டிலுமே, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பாதியில் கைவிடவில்லை. எனவே என் எக்செலில் முதல் பத்தி, இங்கே திரும்பி வந்தால் அந்தப் பட்டத்துக்குத் தொழில் உரிமம் கிடைக்குமா என்பது. அதற்கு “ஆம்” என்று எழுத்தில் பார்க்காத பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை நான் கூட்டிப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது பத்தி, எத்தனை ஆண்டு. மெல்பர்னில் முதலில் மூன்று ஆண்டு இளநிலை, அதன்மேல் நான்கு ஆண்டு கால்நடை மருத்துவம், ஆக ஏழு. பெர்த்தில் உள்ள மர்டோக் பல்கலைக்கழகத்தில் ஐந்து. தம்பி மனைவி கோபித்துக்கொண்டாலும் சரி, அவள் வீட்டுச் சாப்பாடு இரண்டு ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டாது. பெர்த்துக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். விமானத்தில் ஐந்து மணி நேரம். தேர்வு நாளில் பிள்ளை அழுதுகொண்டு கூப்பிட்டால் பாதித் தூக்கத்தில் எழுந்து பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டப்படிப்பு நான்கு, அதன்பின் கால்நடை மருத்துவம் நான்கு. சிங்கப்பூரர்களுக்கென்றே ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 5,400 வேலை விசா ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். எட்டு ஆண்டுக் கட்டணத்துக்கு எங்கே போவது?

பெற்றோர் பலர் சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அலுவலகத்தில் என்னிடம் இரண்டு பேர் இதைக் கேட்டார்கள். சேமநிதிக் கல்விக் கடன் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கிக் கடன் அல்லது கைக்காசு.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் விசா விதி எதைப் போட்டாலும், அது எந்தத் தேதியில் உள்ள விதி, சேரும் நாளைப் பார்க்கிறார்களா விண்ணப்பிக்கும் நாளைப் பார்க்கிறார்களா என்று ஒரு வரி சேருங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கால்நடை மருத்துவர்கள், உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள், வழக்கறிஞர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். இங்கே உரிமம் வாங்க எத்தனை மாதம் ஆனது, என்னென்ன தாள் கேட்டார்கள் என்று அவர்களை எழுதச் சொல்லுங்கள். தமிழில் வந்தால், ஆங்கிலப் படிவங்களைப் பார்த்தாலே ஒதுங்கிவிடும் என் கணவரும் படிப்பார். கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு வாசகி,
உட்லண்ட்ஸ்